வெளிநாட்டு இணையக் கடைகளில் வாங்கும் பொருள்களுக்குச் சிங்கப்பூரில் வரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காஞ்சிபுரத்துச் சேலையோ சீனத்துக் கைப்பேசி உறையோ அமெரிக்காவிலிருந்து வரும் காலணியோ எதுவாயினும், சிங்கப்பூரில் வசிப்பவர் இணையத்தில் வாங்கும் பெரும்பாலான பொருள்களுக்கு உரியது ஒரே ஒரு வரிதான். அதைக் கடைக்காரர் பிடிப்பாரா, எல்லையில் கட்டவேண்டுமா, கட்டாமலே பொட்டலம் வீடு வந்து சேருமா என்பதில்தான் கேள்விகள் எழுகின்றன. சொந்தப் பயனுக்காக வாங்குவோரை மனத்தில் வைத்தே கீழுள்ள விடைகள் எழுதப்பட்டுள்ளன. வியாபாரத்துக்காக இறக்குமதி செய்வோருக்கு உரிமம், கணக்கு முதலிய வேறு கடமைகளும் உண்டு.

அது என்ன வரி? எவ்வளவு?

ஜிஎஸ்டி என்று எல்லோரும் சொல்லும் பொருள் சேவை வரிதான் அது. 1994ஆம் ஆண்டு ஏப்ரலில் 3 விழுக்காடாகத் தொடங்கிய இந்த வரி, 2007 ஜூலையில் 7 விழுக்காடானது; 2023 ஜனவரி 1 அன்று 8 விழுக்காடாகவும் 2024 ஜனவரி 1 அன்று 9 விழுக்காடாகவும் உயர்ந்தது. உள்ளூர்க் கடையில் வாங்கினாலும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தாலும் விகிதம் ஒன்றே.

சுங்கத் தீர்வை தனியாகக் கட்டவேண்டாமா?

பெரும்பாலும் வேண்டாம். மதுபானம், புகையிலைப் பொருள், மோட்டார் வாகனம், பெட்ரோலியப் பொருள் ஆகிய நான்கு வகைகளுக்கு மட்டுமே சிங்கப்பூர் தீர்வை விதிக்கிறது. துணி, காலணி, மின்னணுச் சாதனம், புத்தகம், பாத்திரம் எதற்கும் தீர்வை கிடையாது. பொருளுக்குப் பொருள் தீர்வை மாறுகிற இந்தியச் சுங்க அட்டவணையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது நம்ப முடியாத எளிமையாகத் தோன்றலாம். கணக்கு எளிதுதான், வரம்புகளில்தான் சிக்கல் இருக்கிறது.

400 வெள்ளிக்கு, அதாவது 400 சிங்கப்பூர் டாலருக்கு, கீழே வாங்கினால் வரியே இல்லை என்கிறார்களே?

2022 இறுதிவரை அது உண்மை. அஞ்சல் வழியாகவோ விமானம் வழியாகவோ வரும் பொட்டலத்தின் மதிப்பு 400 வெள்ளிக்கு மேற்படாவிட்டால் அன்று யாரும் வரி கேட்கவில்லை. அதனால் சிராங்கூன் சாலையில் வாடகை கொடுத்துக் கடை நடத்துபவர் விற்கும் சட்டைக்கு வரி உண்டு, அதே சட்டையைக் கடல் தாண்டி அனுப்புபவருக்கு வரி இல்லை என்ற நிலை இருந்தது. உள்ளூர் வணிகர்களின் மனக்குறை நியாயமானதுதான். 2021 வரவுசெலவுத் திட்டத்தில் இதற்கான மாற்றம் அறிவிக்கப்பட்டு, 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது.

இப்போதைய நிலை இது: 400 வெள்ளி அல்லது அதற்குக் குறைவான விலையுள்ள பொருளை, சிங்கப்பூர் ஜிஎஸ்டிக்குப் பதிவுசெய்துகொண்ட வெளிநாட்டு விற்பனையாளரிடமோ மின்வர்த்தகத் தளத்திலோ வாங்கினால், பணம் செலுத்தும்போதே 9 விழுக்காடு சேர்த்து வாங்கிவிடுவார்கள். எல்லையில் 400 வெள்ளிக்கான விலக்கு இன்றும் இருக்கிறது. ஆனால் பெரிய தளங்களில் வாங்கும் பெரும்பாலோருக்கு அதனால் மிச்சமாவது எதுவும் இல்லை.

அந்த 400 வெள்ளி எப்படிக் கணக்கிடப்படுகிறது?

பலரும் இடறும் இடம் இதுதான். விற்கும் இடத்தில் ஒரு கணக்கு, எல்லையில் வேறொரு கணக்கு.

கடைக்காரர் பார்ப்பது ஒவ்வொரு பொருளின் தனித்தனி விலை. அனுப்பும் செலவும் காப்புறுதியும் அந்த வரம்பில் சேரா. ஒரு பொருளின் விலை 400 வெள்ளியைத் தாண்டாவிட்டால் அது குறைந்த மதிப்புப் பொருள். அதற்கு அவர் வரி பிடிக்கவேண்டும். பிடிக்கும்போதோ, அனுப்பும் செலவையும் சேர்த்த மொத்தத் தொகைக்கு 9 விழுக்காடு பிடிப்பார். சுங்கத்துறை பார்ப்பது பொட்டலம் முழுவதன் மதிப்பை. சிஐஎஃப் எனப்படும் அந்த மதிப்பில் பொருளின் விலை, காப்புறுதி, சரக்குக் கட்டணம் மூன்றும் அடங்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. 380 வெள்ளி விலையுள்ள ஒரு கைக்கடிகாரம். அனுப்பும் செலவு 30 வெள்ளி. கடை பதிவுபெற்றதாக இருந்தால், கடிகாரம் 400க்குள் அடங்குவதால் 410 வெள்ளிக்கு 36.90 வெள்ளி வரியை அங்கேயே பிடித்துவிடும். பதிவுபெறாத கடையாக இருந்தால் வாங்கும்போது வரி இருக்காது. ஆனால் பொட்டலத்தின் சிஐஎஃப் மதிப்பு 410 வெள்ளி என்பதால் எல்லையில் அதே 36.90 வெள்ளியைக் கட்டவேண்டும், கூடவே கூரியர் நிறுவனத்தின் கையாளுதல் கட்டணமும் சேரும். அனுப்பும் செலவு 20 வெள்ளியாக இருந்திருந்தால் மதிப்பு சரியாக 400. எல்லையில் ஒரு காசும் இல்லை. வரம்பைத் தாண்டிய 10 வெள்ளிக்கு மட்டும் வரி என்று எண்ணிவிடக்கூடாது. தாண்டினால் முழு மதிப்புக்கும் வரி.

ஒரே ஆர்டரில் பல பொருள்களை வாங்கினால்?

பதிவுபெற்ற தளத்தில் தலா 150 வெள்ளிக்கு மூன்று பொருள்களை வாங்குகிறீர்கள், அனுப்பும் செலவு இலவசம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 450 வெள்ளி ஆனாலும் ஒவ்வொன்றும் 400க்குள் இருப்பதால் தளமே 40.50 வெள்ளியைப் பிடித்துவிடும். வரி ஏற்கெனவே பிடிக்கப்பட்டது என்ற தகவல் பொட்டலத்தோடு வந்தால் எல்லையில் மறுபடி கேட்கமாட்டார்கள்.

ஓர் ஆர்டரில் 500 வெள்ளிப் பொருள் ஒன்றும் 100 வெள்ளிப் பொருள் ஒன்றும் இருந்தால், 100 வெள்ளிப் பொருளுக்குத் தளத்திலும் 500 வெள்ளிப் பொருளுக்கு எல்லையிலுமாக வரி இரண்டாகப் பிரியும். ரசீதில் ஒரு பொருளுக்கு மட்டும் வரி தெரிவதைக் கண்டு மற்றதற்கு விலக்குக் கிடைத்துவிட்டதாக நினைப்பவர்கள், கூரியர் நிறுவனத்தின் குறுஞ்செய்தி வந்த பிறகுதான் விழித்துக்கொள்கிறார்கள்.

எல்லா வெளிநாட்டுக் கடைகளும் வரி பிடிக்குமா?

பிடிக்கமாட்டா. உலக அளவில் ஆண்டு வருவாய் 10 லட்சம் வெள்ளிக்கு மேலும், அதில் சிங்கப்பூரில் உள்ள, ஜிஎஸ்டிக்குப் பதிவுபெறாத வாடிக்கையாளர்களுக்குச் செய்த குறைந்த மதிப்புப் பொருள், தொலைச் சேவை (தொலைவிலிருந்தே வழங்கும் சேவை) விற்பனை ஒரு லட்சம் வெள்ளிக்கு மேலும் இருந்தால்தான் பதிவுசெய்யும் கடமை வருகிறது. இரண்டும் ஒருசேர இருக்கவேண்டும். மதுரையில் சுங்குடிச் சேலை விற்று வாரத்துக்கு இரண்டு மூன்று பொட்டலங்களைச் சிங்கப்பூருக்கு அனுப்பும் சிறு கடை இந்த வரையறைக்குள் வராது. அவரிடம் நேரடியாக 180 வெள்ளிக்குச் சேலை வாங்கி, 25 வெள்ளி அனுப்பும் செலவு கொடுத்தால் வரியே இல்லை; சட்டப்படியே இல்லை. அதே கடைக்காரர் பதிவுபெற்ற பெரிய தளமொன்றின் வழியாக அதே சேலையை விற்றால், தளமே விற்பனையாளராகக் கருதப்படும் என்பதால் 18.45 வெள்ளி சேர்ந்துவிடும்.

சில தளங்களில் உள்ளூர் விற்பனையாளர்களும் இருப்பார்கள். பொருள் ஏற்கெனவே சிங்கப்பூரில் இருந்தால் அது இறக்குமதி அல்ல. அந்த விற்பனையாளர் உள்ளூரில் ஜிஎஸ்டிக்குப் பதிவுபெற்றவரா என்பதே கேள்வி. பொருள் எங்கிருந்து அனுப்பப்படுகிறது என்ற குறிப்பை வாங்குவதற்கு முன் படிப்பது பயன்தரும்.

அலுவலகத்தின் ஜிஎஸ்டி பதிவு எண்ணைக் கொடுத்தால் வரியைத் தவிர்க்கலாம் என்று நண்பர் சொல்கிறார். செய்யலாமா?

கூடாது. பதிவுபெற்ற நிறுவனம் தன் தொழிலுக்காக வாங்கும்போது தரவேண்டிய எண் அது. வீட்டுக்கு வாங்கும் பொருளுக்கு அதைக் கொடுப்பது பொய்த் தகவல் தரும் குற்றம். நிறுவனத்தையும் சேர்த்துச் சிக்கலில் மாட்டிவிடும்.

எல்லையில் வரி கட்டவேண்டி வந்தால் என்ன நடக்கும்?

நீங்கள் நேரில் எங்கும் போகவேண்டியதில்லை. கூரியர் வழியாக வரும் பொட்டலத்துக்கு அந்த நிறுவனமே சுங்க அனுமதியைப் பெற்று, வரியை உங்கள் சார்பில் கட்டிவிட்டு உங்களிடம் வசூலிக்கும். அஞ்சலில் வருவதற்குச் சிங்போஸ்ட் தகவல் அனுப்பும். பணம் கட்டிய பிறகு பொட்டலம் வந்து சேரும். வெளிநாட்டு நாணயத்தில் உள்ள விலையை வெள்ளிக்கு மாற்றும்போது சிங்கப்பூர்ச் சுங்கத்துறை வெளியிடும் மாற்று விகிதமே பயன்படுத்தப்படும். உங்கள் வங்கி அட்டையில் கழிந்த தொகையோடு அது ஒத்துப்போகாது. அட்டைக் கணக்குப்படி 398 வெள்ளியாக இருந்த பொட்டலம் சுங்கக் கணக்கில் 401 ஆவதும் உண்டு. வரம்பை ஒட்டி வாங்குபவர்கள் பத்துப் பதினைந்து வெள்ளியாவது இடைவெளி விட்டு வாங்குவது நல்லது.

வரிக்கு மேல் வரும் கையாளுதல் கட்டணம், முன்பணக் கட்டணம் ஆகியவை அரசுக்குப் போவன அல்ல. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அது வேறுபடும். உள்ளூர்ச் சேவை என்பதால் அதற்கும் ஜிஎஸ்டி சேரும். 420 வெள்ளிப் பொட்டலத்துக்கு 37.80 வெள்ளி வரி என்று கணக்குப் போட்டு வைத்திருப்பவருக்கு, அதற்குமேல் கூரியர் போடும் தொகைதான் எரிச்சலைத் தரும். வரி எவ்வளவு, கட்டணம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

கடையிலும் எல்லையிலுமாக இருமுறை வரி பிடித்துவிட்டால்?

விற்பவர் தன் ஜிஎஸ்டி பதிவு எண்ணையும் வரி பிடிக்கப்பட்ட விவரத்தையும் பொட்டலத்தை ஏற்றிவருபவருக்குத் தெரிவிக்கவேண்டும். அந்தத் தகவல் வழியில் விடுபட்டுப்போனால், எல்லையில் 400 வெள்ளிக்கு மேற்பட்ட பொட்டலமாக மட்டுமே அது தெரியும். வரி மறுபடி கேட்கப்படும். அப்படி நேர்ந்தால் முதலில் அணுகவேண்டியவர் விற்பனையாளர். எல்லையில் வரி கட்டியதற்கான சான்றை அனுப்பி, அவர் பிடித்த வரியைத் திருப்பித் தரும்படி கேட்கவேண்டும். ஆகையால் ஜிஎஸ்டி தனியாகக் காட்டப்பட்டுள்ள கடைரசீதையும் கூரியர் ரசீதையும், பொருள் கைக்கு வந்துவிட்டதே என்று உடனே அழித்துவிடாதீர்கள். பொட்டலம் இன்னும் விடுவிக்கப்படாத நிலையில் இருந்தால், கடைரசீதைக் கூரியர் நிறுவனத்துக்கு உடனே அனுப்புவது அதைவிடச் சுருக்கமான வழி.

கப்பலிலோ லாரியிலோ வரும் பொருளுக்கும் 400 வெள்ளி விலக்கு உண்டா?

இல்லை. விலக்கு அஞ்சலுக்கும் விமானத்துக்கும் மட்டுமே. சீனாவிலிருந்து கடல்வழி வரும் அலமாரிக்கும், ஜோகூரிலிருந்து லாரியில் வரும் மேசைக்கும் விலை 60 வெள்ளியாயினும் வரி உண்டு. கடல்வழி அனுப்பினால் மலிவு என்று தேர்ந்தெடுப்பவர்கள் இதையும் கூட்டிப் பார்க்கவேண்டும். சில சரக்கு முகவர்கள் வரியையும் உள்ளடக்கியே கட்டணம் சொல்கிறார்கள். சொன்ன தொகையில் அது அடங்குமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்வது பின்னால் வரும் வாக்குவாதத்தைத் தவிர்க்கும்.

ஊரிலிருந்து அம்மா அனுப்பும் பரிசுப் பொட்டலத்துக்கும் வரியா?

அங்கே விற்பனை எதுவும் நடக்காததால் கடையில் பிடிக்கும் வரி என்ற பேச்சுக்கே இடமில்லை. எல்லைக் கணக்கு மட்டுமே பொருந்தும்: மதிப்பும் அனுப்பும் செலவும் சேர்ந்து 400 வெள்ளிக்குள் இருந்தால் விலக்கு, தாண்டினால், பரிசாக இருந்தாலும் முழுவதற்கும் வரி. படிவத்தில் பரிசு என்று எழுதிவிட்டால் மதிப்பு சுழியாகிவிடாது. முறுக்கும் பொடியும் அடங்கிய பெட்டியில் ஒரு பட்டுப்புடவையையும் வைத்து அனுப்பினால் அந்தப் புடவையின் விலையைப் படிவத்தில் எழுதத்தான் வேண்டும்.

வேலை அனுமதிச்சீட்டில் இருப்பவர்களுக்கு விதி வேறா?

அஞ்சல், விமானப் பொட்டலங்களைப் பொறுத்தவரை வேறு இல்லை; குடிமக்களுக்கு உள்ள 400 வெள்ளி விலக்கு அவர்களுக்கும் உண்டு. வேறுபாடு இருப்பது கையில் கொண்டுவரும் பொருளில். வெளிநாட்டில் 48 மணி நேரமோ அதற்கு மேலோ தங்கித் திரும்பும் பயணிக்கு 500 வெள்ளி வரையும், அதற்குக் குறைவாகத் தங்கியவருக்கு 100 வெள்ளி வரையும் வரிவிலக்கு உண்டு. மேற்பட்ட பகுதிக்கு மட்டும் வரி. ஆனால் வேலை அனுமதிச்சீட்டு, மாணவர் அனுமதி, சார்ந்திருப்போர் அனுமதி, நீண்டகால அனுமதி ஆகியவற்றை வைத்திருப்போருக்கு இந்தப் பயணிச் சலுகை கிடையாது. விடுப்பில் ஊருக்குப் போய் 300 வெள்ளி பெறுமான புதுக் கைப்பேசியோடு திரும்பும் ஊழியர் விமான நிலையத்தில் அறிவித்து வரி கட்டவேண்டும். அதே கைப்பேசி அஞ்சலில் பரிசாக வந்திருந்தால் எல்லையில் வரி இராது. விசித்திரமாகத் தோன்றினாலும் விதி அப்படித்தான் அமைந்திருக்கிறது.

தங்க நகையை வெளிநாட்டு இணையக் கடையில் வாங்கினால்?

குறைந்தது 99.5 விழுக்காடு தூய்மையுள்ளதும் மற்ற தகுதிகளை நிறைவு செய்வதுமான தங்கக் கட்டி முதலீட்டு உலோகமாகக் கருதப்பட்டு ஜிஎஸ்டியிலிருந்து விலக்குப் பெறுகிறது. 22 காரட் வளையலுக்கு அந்த விலக்கு இல்லை. செய்கூலிக்கு மட்டும் வரி என்று நம்புபவர்கள் பலர், அது தவறு. சிஐஎஃப் மதிப்பு 3,000 வெள்ளியாக உள்ள வளையலுக்குத் தங்கத்தின் விலையும் உட்பட முழுத் தொகைக்கு 270 வெள்ளி வரி.

மதுபானம் வரவழைக்கலாமா?

வரவழைக்கலாம், ஆனால் 400 வெள்ளி விலக்கு மதுவுக்கும் புகையிலைக்கும் பொருந்தாது. 750 மில்லிலிட்டர் ஒயின், 13 விழுக்காடு ஆல்கஹால், சிஐஎஃப் மதிப்பு 40 வெள்ளி என்றால், ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி என்ற விகிதத்தில் தீர்வை 8.58 வெள்ளி. தீர்வையையும் சேர்த்த 48.58 வெள்ளிக்கு 9 விழுக்காடு ஜிஎஸ்டி, அதாவது 4.37 வெள்ளி. ஒற்றைப் போத்தலுக்கு இதற்கு மேல் கூரியர் கட்டணத்தையும் கூட்டினால், பெரும்பாலும் உள்ளூர்க் கடையே மேல்.

எந்தப் பொருள்களை வரி கட்டினாலும் வரவழைக்க முடியாது?

மின்சிகரெட், மெல்லும் புகையிலை, பட்டாசு, சாதாரண மெல்லும் பசை (சூயிங்கம்) ஆகியவை அவற்றுள் சில. மின்சிகரெட்டை இறக்குமதி செய்வது மட்டுமல்லாமல், 2018 பிப்ரவரி முதல் வாங்குவதும் வைத்திருப்பதும் பயன்படுத்துவதும்கூடக் குற்றம். தீபாவளிக்கு ஊரிலிருந்து பட்டாசு அனுப்பச் சொல்வதும், குட்காப் பொட்டலங்களைத் துணிக்குள் மடித்து அனுப்பச் சொல்வதும் வரிச் சிக்கல் அல்ல, குற்றவியல் சிக்கல். சொந்தப் பயனுக்கான மருந்துக்கு 3 மாதத் தேவைக்கு மேற்படக்கூடாது என்ற வரம்பும், சுகாதார அறிவியல் ஆணையத்தின் பிற விதிகளும் உண்டு.

விற்பவர் ரசீதில் விலையைக் குறைத்து எழுதித் தருவதாகச் சொல்கிறார். ஏற்கலாமா?

ஏற்காதீர்கள். 700 வெள்ளிப் பொருளை 90 வெள்ளி என்று எழுதினால் தப்பிப்பது 63 வெள்ளி. பிடிபட்டால் ஏய்த்த வரியைப்போல 20 மடங்கு வரை அபராதமோ 2 ஆண்டுகள் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கச் சட்டம் இடம்தருகிறது. நான் கேட்கவில்லை, அவராகவே எழுதினார் என்பது எளிதில் எடுபடாது. உண்மை விலை வங்கி அட்டைக் கணக்கில் பதிவாகியிருக்கும். வேறொரு நட்டமும் உண்டு: பொட்டலம் தொலைந்தால் இழப்பீடு 90 வெள்ளிக்குத்தான் கிடைக்கும்.

அமெரிக்க முகவரிக்கு வாங்கி, அங்கிருந்து மறுபடி அனுப்பச் செய்தால் வரி தவிருமா?

இப்போது தவிராது. மறு அனுப்பீட்டுச் சேவையை நடத்தும் நிறுவனங்களும் 2023 முதல் இந்த ஏற்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டுவிட்டன; கடைக்காரரோ தளமோ வரி பிடிக்காதபோது, பதிவுபெற்ற அந்த நிறுவனம் பிடிக்கும். கிடங்கு எந்த மாநிலத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள். ஒரிகன் போன்ற மாநிலங்களில் விற்பனை வரி கிடையாது. வேறு மாநில முகவரியானால் அங்கத்திய வரியும் உங்கள் தலையில் விழும்.

இந்தியக் கடை அந்நாட்டு ஜிஎஸ்டியையும் சேர்த்து வாங்குகிறது. இரண்டு நாட்டுக்கும் கட்டவேண்டுமா?

இந்தியச் சட்டப்படி ஏற்றுமதி, சுழிய விகித விற்பனை. முறையாக ஏற்றுமதி ஆவணம் போட்டு அனுப்பும் கடை அந்நாட்டு வரியை உங்களிடம் வாங்கவேண்டியதில்லை. உள்ளூர் வாடிக்கையாளருக்கான விலையையே எல்லோருக்கும் சொல்லிவிட்டு அஞ்சலில் போட்டு அனுப்பும் சிறு கடைகளில் இதை எதிர்பார்க்க முடியாது. பெரிய தொகைக்கு வாங்கும்போது, ஏற்றுமதி விலை தனியாக உண்டா என்று கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை. கட்டிய இந்திய வரியைச் சிங்கப்பூர் ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள வழி இல்லை.

இங்கிருந்து ஊருக்குப் பரிசு அனுப்பினால்?

அது இந்தியாவின் விதி. 5,000 ரூபாய் வரையிலான பரிசுப் பொட்டலங்களுக்கு இருந்த தீர்வை விலக்கை இந்தியா 2019 டிசம்பரில் விலக்கிக்கொண்டது. உயிர்காக்கும் மருந்துகளும் ராக்கிக் கயிறும் மட்டுமே விதிவிலக்கு. பெற்றோருக்கு ஒரு கைக்கடிகாரம் அனுப்பினாலும், அங்கே அவர்கள் கையிலிருந்து பணம் கட்டவேண்டி வரலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வரி பாக்கி, உடனே கட்டுங்கள் என்று இணைப்போடு குறுஞ்செய்தி வந்தால்?

இணைப்பைத் தொடாதீர்கள். கூரியர் நிறுவனத்தின் செயலியையோ இணையத்தளத்தையோ நீங்களே திறந்து, பொட்டல எண்ணை உள்ளிட்டுப் பாருங்கள்; உண்மையான பாக்கி அங்கே தெரியும். 2.80 வெள்ளி, 3.40 வெள்ளி என்று சில்லறைத் தொகை கேட்பது மோசடியின் வழக்கமான முகம். அவர்களுக்கு வேண்டியது அந்தச் சில்லறை அல்ல, உங்கள் அட்டை எண். மேலே சொன்ன கணக்கே இங்கும் உதவும்: 400 வெள்ளிக்கு மேற்பட்ட பொட்டலத்துக்கு வரியே 36 வெள்ளிக்கு மேல் வரும், எனவே மதுவும் புகையிலையும் அல்லாத விமான, அஞ்சல் பொட்டலத்துக்கு மூன்று வெள்ளி இறக்குமதி வரி என்பது கணக்குப்படியே பொருந்தாது. ஐயம் இருந்தால், மோசடி பற்றிய ஐயங்களுக்கான ஸ்கேம்‌ஷீல்டு உதவி எண் 1799ஐ அழைத்துக் கேட்கலாம்.